பெயர் பொறித்த தம்ளர்கள்

அப்பா: ...எழுதிட்டியாட்டி? அடுத்த வரி. "நெஞ்சில் ஈரமுள்ளோரே நதியின் ஈரத்தைக் காப்பர்." முற்றுப்புள்ளி வை.

ஆவுடை: எப்பா, இது எங் கல்யாணப் பத்திரிகையா, ஆத்துப் பாதுகாப்புக் குழுவோட நோட்டீஸா?

அப்பா: ரெண்டும்தான். குழுத் தலைவன் சங்கரசுப்பிரமணியன் வீட்டுக் கல்யாணம் சும்மா நடக்கலாமா? பின்பக்கம் இந்த வேண்டுகோள் இருந்தே ஆகணும். எழுது. "எங்கள் இல்லத் திருமணத்தில் பிளாஸ்டிக்கிற்கு இடமில்லை. காதைப் பிளக்கும் ஒலிபெருக்கிக்கும் இடமில்லை..."

ஆவுடை: மைக்கு கிடையாதா? பெறகு நீங்க எப்படிப் பேசுவீக?

அப்பா: அது... வாழ்த்துரைக்கு மட்டும் ஒண்ணு வச்சுக்கிடலாம். சிரிக்காத. எழுது. "உண்ட இலைகள் தாமிரபரணிக்கு அல்ல, உரக்குழிக்கே செல்லும். தாம்பூலப் பைக்குப் பதில் பனையோலைக் கொட்டான். கொட்டானுக்குள் ஒரு மருதங்கன்று..."

ஆவுடை: பையச் சொல்லுங்க, கை வலிக்கு. கொட்டான் முடைஞ்சது கீழக்காலனிப் பொம்பளையாளுகன்னு போடவா?

அப்பா: அது எதுக்கு? இடம் பத்தாது. "குடிநீருக்குப் பிளாஸ்டிக் குவளை இல்லை. ஊரார் மனமுவந்து தரும், பெயர் பொறித்த எவர்சில்வர் தம்ளர்களே பந்தியை அணி செய்யும். ஊர் கூடித் தரும் தம்ளர். ஊர் கூடி அருந்தும் நீர்!" எப்படி இருக்கு?

ஆவுடை: கைதட்டுவாக.

அப்பா: தட்டட்டுமே. இந்தத் தாலுகாவுல இப்படி ஒரு கல்யாணம் எவன் நடத்தியிருக்கான்?

ஆவுடை: நம்ம ஊர்ல எத்தனை தெருப்பா?

அப்பா: ஏழு. ஏன்?

ஆவுடை: தம்ளர் தந்தவுக பட்டியல்ல ஆறுதான் இருக்கு.

அப்பா: ஒழுங்கா எண்ணு. மேலத்தெரு, சன்னதித் தெரு, நடுத்தெரு...

ஆவுடை: ரெண்டு தடவை எண்ணிட்டேன். கீழக்காலனி இல்ல.

அப்பா: அவுககிட்டப் போயி தம்ளர் கேக்கவா சொல்லுத? இல்லாதப்பட்ட சனம். சங்கடப்படுத்த வேண்டாம்னுதான்...

ஆவுடை: இல்லாதப்பட்ட சனத்துக்கிட்ட நானூறு கொட்டான் கேட்டோமே. அப்ப சங்கடமா இல்லையா?

அப்பா: அது அவுக அன்பாச் செஞ்சு தந்தது.

ஆவுடை: தம்ளரையும் அன்பாத்தான் தருவாக.

அப்பா: நீ எழுதப் போறியா, வக்கீலாப் போறியா?

ஆவுடை: எழுதுதேன். "பிளாஸ்டிக்கிற்கு இடமில்லை"ன்னு போட்டாச்சு. அப்ப மச்சுல இருக்க பெட்டிக்கு எங்க இடம்?

அப்பா: ...எந்தப் பெட்டி?

ஆவுடை: அரிசி மூட்டைக்குப் பின்னால கோணிச்சாக்கு போத்தி வச்சிருக்கீகளே, அது. உள்ள பூரா வெள்ளை வெள்ளையா பிளாஸ்டிக் கப்பு. ஒண்ணை எடுத்து ஊதிப் பாத்தேன். பறந்துட்டு.

அப்பா: ஏட்டி, சத்தம் போடாத.

ஆவுடை: யாருக்குப்பா அது?

அப்பா: கடைசிப் பந்திக்கு.

ஆவுடை: கடைசிப் பந்தியில யாரு?

அப்பா: தெரிஞ்சுக்கிட்டே கேக்காத.

ஆவுடை: உங்க வாயால வரட்டும். நாப்பது மேடை ஏறின வாய்தான?

அப்பா: கீழக்காலனிக்காரங்க. போதுமா? நானா விரும்பியா செய்யுதேன்? எல்லாம் சம்பந்தி வீட்டு நிபந்தனை. பாளையங்கோட்டையில இருந்தாலும் பழைய ஆளுக. "எல்லாருக்கும் ஒரே தம்ளர்னா எங்க சனம் உங்க வீட்டுல கை நனைக்காது"ன்னு உன் மாமனாரு முகத்துக்கு நேராச் சொல்லிட்டாரு. எனக்கு நெஞ்சே வெடிச்சிட்டு. பொண்ணைப் பெத்தவன் என்ன செய்ய?

ஆவுடை: மாமாவா சொன்னாக?

அப்பா: பெறகு நான் பொய்யா சொல்லுதேன்?

மாரிக்கண்ணு: அண்ணாச்சி! வீட்டுல இருக்கீகளா?

அப்பா: பேச்சை நிறுத்து, நிறுத்து... வாரும்வே மாரிக்கண்ணு! குழுவோட செயலாளருக்கு வாசல்ல என்ன வேலை? உள்ள வாரும். இன்னைக்குத் தபால் குடுக்கப் போகலையா?

மாரிக்கண்ணு: லீவு போட்டுட்டேன் அண்ணாச்சி. தலைச்சுமை ஒண்ணு இருந்துச்சு.

ஆவுடை: சாக்குக்குள்ள என்ன அண்ணாச்சி, கலகலன்னு கேக்கு?

மாரிக்கண்ணு: தம்ளரும்மா. எங்க காலனியில வீட்டுக்கு ரெண்டுன்னு நூத்திப்பத்து. ஊர் பூராவும் வாங்குதாகன்னு கேள்விப்பட்டோம். கல்யாண அலைச்சல்ல எங்க தெரு அண்ணாச்சிக்கு விட்டுப்போச்சோ என்னவோன்னு நானே வாங்கிக் கட்டிட்டேன். புளி போட்டுத் தேச்சிருக்கு. எல்லாத்துலயும் பேர் வெட்டியிருக்கு. மாறிப் போகாது.

ஆவுடை: இங்கன கொட்டுங்க. நம்ம வீட்டுத் தம்ளரோடயே கிடக்கட்டும்.

அப்பா: இரு, இரு... மாரிக்கண்ணு, உம்ம மனசு யாருக்கு வரும்! ஆனா பாரும், தேவைக்கு மேலயே சேர்ந்து போச்சு. இதைத் திருப்பி...

மாரிக்கண்ணு: கூட இருந்தா நல்லதுதான? பந்திக்குப் பந்தி கழுவுத வேலை மிச்சம்.

அப்பா: அதில்ல வே...

ஆவுடை: தேவைக்கு மேல இருந்தா மச்சுல பெட்டி எதுக்குப்பா?

அப்பா: ஆவுடை!

மாரிக்கண்ணு: என்ன பெட்டி?

அப்பா: ...உக்காரும். உம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு? மணல் லாரிக்கு முன்னால ஒண்ணாப் படுத்தவங்க நாம. "ஆற்றில் கலக்கும் கழிவைவிடக் கொடியது, நம் அகத்தில் கலந்த சாதிக் கழிவு" என்று முச்சந்திதோறும் முழங்கியவன் நான்...

ஆவுடை: எப்பா, மேடையை விட்டு இறங்குங்க.

அப்பா: சம்பந்தி வீட்டுல ஒத்துக்கிடல வே. காலனிக்காரங்களுக்குக் கடைசிப் பந்தி, தனிக் கப்புன்னு ஒத்தக்கால்ல நிக்காக. வாதாடி வாதாடித் தொண்டைத்தண்ணி வத்தினதுதான் மிச்சம். இவ கழுத்துல தாலி ஏறணுமே! உம்ம மகளா நினைச்சு ஒரே ஒரு நாள் பொறுத்துக்கிடும்.

மாரிக்கண்ணு: ...சம்பந்தி வீட்டுலயா?

அப்பா: ஆமா வே.

மாரிக்கண்ணு: அப்ப உங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

ஆவுடை: குத்தம் உண்டு அண்ணாச்சி. நான் நேத்து பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன்.

அப்பா: ரவிக்கை தைக்கக் குடுக்கப் போறேன்னுல்ல சொன்ன?

ஆவுடை: குடுத்துட்டு மாமா வீட்டுக்கும் போனேன். பெட்டியை முந்தாநாளே பாத்துட்டேன். கேக்காம எப்படி இருக்க? மாமா சொன்னாக: "எங்க பந்தியில யாரு பக்கத்துல யாரு உக்காந்தா என்னம்மா? உங்கப்பாதான், எங்க ஊரு ஒரு மாதிரி, பந்தி விஷயத்தை என்கிட்ட விட்டுருங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

அப்பா: ...வீட்டுக்கு வரப்போற மருமக கேட்டா வேற என்ன சொல்லுவாரு? நாகரிகத்துக்குச் சொல்லியிருப்பாரு.

மாரிக்கண்ணு: நானும் ஒண்ணு சொல்லிருதேன் அண்ணாச்சி. பெட்டி எனக்கும் தெரியும். தபால் குடுக்கப் போன கடையில உங்க பேரை எழுதித் தனியா ஒதுக்கி வச்சிருந்தான். அதைப் பாத்த பெறகுதான் வீடு வீடா ஏறி இந்தச் சாக்கை நிறைச்சேன்.

அப்பா: தெரிஞ்சேவா கொண்டாந்தீரு? என்னைச் சோதிச்சுப் பாக்கவா?

மாரிக்கண்ணு: நம்பிப் பாக்க. "வாங்கிக்கிடுவாரா?"ன்னு ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டாக. "எங்க அண்ணாச்சி வாங்கிக்கிடுவாரு"ன்னு ஒவ்வொரு வீட்டுலயும் சொன்னேன். அம்பத்தஞ்சு வீடு.

ஆவுடை: கேட்டீகளாப்பா? ஒரே பேச்சு. அந்தப் பெட்டி பந்திக்கு வந்தா நான் மணவறைக்கு வரமாட்டேன். மாமாகிட்டயும் அதைச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.

அப்பா: மாசம் பொறந்தா முகூர்த்தம்! ஊருக்கு முன்னால என்னை நாறடிக்கப் போறியா?

ஆவுடை: இந்தச் சாக்கை அவுத்து நம்ம தம்ளரோட சேருங்க. எல்லாம் நேராயிரும்.

அப்பா: மேலத்தெருக்காரன் சும்மா இருப்பானா? தந்த தம்ளரைப் பூராவும் அள்ளிக்கிட்டுப் போயிருவான்.

ஆவுடை: போகட்டும். நம்ம வீட்டுல எம்பது இருக்கு, இங்கன நூத்திப்பத்து இருக்கு. கழுவிக் கழுவி வச்சா எத்தனை பந்தியும் நடக்கும். ஊரையும் இழுக்காதீக, சம்பந்தியையும் இழுக்காதீக. நம்ம வீட்டுத் தம்ளர்ல மாரிக்கண்ணு அண்ணாச்சி தண்ணி குடிச்சா யாருக்குப்பா பொறுக்கல?

அப்பா: அதை விடு. பத்திரிகையை எழுதி முடி.

ஆவுடை: யாருக்கு? சொல்லுங்க.

அப்பா: நீ தாலி கட்டிக்கிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போயிருவ. அந்தத் தம்ளரு இந்த வீட்டுலதானட்டி கிடக்கும்... மறுநாக் காலையில அதுல நான்லா காப்பி குடிக்கணும்!