பேய் எப்போ வரும்?

அண்ணி: கதவைச் சாத்திட்டு வா. மெதுவா... உன் அண்ணனுக்குப் பாம்புக் காது.

தங்கச்சி: என்ன அண்ணி, ஃபோன்ல அப்படிப் பதறினீங்க. அண்ணனுக்கு ஒண்ணும்...

அண்ணி: அவருக்கு ஒண்ணுமில்ல, குளிக்கிறார். குளிக்கிறார்னா... நீயே கேளு.

தங்கச்சி: ...என்ன அண்ணி அது, மாட்டைக் கட்டி இழுக்கற மாதிரி?

அண்ணி: அலறல் பழகறார்னு நினைக்கிறேன். சாயங்காலம் நிகழ்ச்சி இருக்கே. காலையிலேர்ந்து விட்டு விட்டு இதேதான். என்கிட்ட சலவைக்குத் துணி கொடுக்க வந்த அம்மா, மூட்டையை வாசல்லயே வெச்சுட்டு ஓடிட்டாங்க.

தங்கச்சி: பழகட்டுமே. முதல் தடவையா பெரிய ஹால்ல, ஜனங்க முன்னாடி பேய்க்கதை சொல்லப் போறார். எத்தனை நாள் கனவு.

அண்ணி: கனவுதான். அங்கதான் சிக்கலே. அந்தக் கறுப்புச் சட்டையை எடு, தேய்ச்சுக்கிட்டே சொல்றேன். கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது... யார் கூப்பிட்டிருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?

தங்கச்சி: ஏதோ கடை திறப்பு விழான்னார்.

அண்ணி: என்ன கடைன்னு சொன்னாரா?

தங்கச்சி: இல்ல...

அண்ணி: மெத்தைக் கடை.

தங்கச்சி: சரி... மெத்தை விக்கறவங்க பேய்க்கதை கேக்கக் கூடாதா என்ன?

அண்ணி: ஹால்ல ஒரு நாற்காலி கிடையாதுடி. வரிசையா கட்டில். ஆளுக்கு ஒரு மெத்தை, ஒரு தலையணை, கால்மாட்டுல ஒரு போர்வை. உன் அண்ணன் நடுவுல உக்காந்து கதை சொல்லணும், கூட்டம் மொத்தமும் தூங்கணும். ஒருத்தர் விடாம தூங்கிட்டா நிகழ்ச்சி ஜெயிச்சுதுன்னு அர்த்தம்.

தங்கச்சி: ...அண்ணனுக்கு இது தெரியுமா?

அண்ணி: தெரிஞ்சா கறுப்புச் சட்டை எதுக்கு? பேசினது நான், ஒத்துக்கிட்டது நான். முழுசாச் சொல்லத்தான் வாய் வரலை. உக்காரு, முதல்லேர்ந்து சொல்றேன். பாதி உனக்கே தெரியும். அந்தப் பாதிக்குக் காரணமே நீதான்.

தங்கச்சி: நான் என்ன பண்ணினேன்?

அண்ணி: மனசை மாத்தினா உலகமே மாறும்னு ஒருத்தர் வகுப்பு எடுக்கிறாரேன்னு, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனது யாரு?

தங்கச்சி: அது நல்ல வகுப்பு அண்ணி. நானே அங்க போய்த்தான் கண் ஆஸ்பத்திரி வேலைக்கு...

அண்ணி: உனக்கு நல்லதுதான், இல்லேங்கலை. ஆனா உன் அண்ணன் எப்படிப்பட்ட ஆள்? லிஃப்ட் மெக்கானிக். ஒரு திருகு முழுசா இறுகாம அடுத்த திருகைத் தொட மாட்டார். வாட்ச்மேன்கள் சொல்ற பேய்க்கதை எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு, நாமளும் சொல்லலாமேன்னு ஆசை வந்துச்சு. துணி அலமாரிக்குள்ள உக்காந்து, கதவைச் சாத்திக்கிட்டு, ரெண்டு மூணு கதை பதிவு பண்ணி இணையத்துல போட்டார். அந்த நேரம் பாத்து உன் வகுப்பு. முதல்ல மனசைத் தயார் பண்ணணும்னு சொல்லிட்டாங்களா? அதையே இறுக்க ஆரம்பிச்சுட்டார்.

தங்கச்சி: கண்ணாடிப் பயிற்சியைச் சொல்றீங்களா...

அண்ணி: ஆமா. ஒரு வருஷம், தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு, "என் குரலுக்காக ஆயிரம் காது காத்திருக்கு"ங்கறார். ஆயிரம் காதுன்னா ஐநூறு பேர்தானே ஆகுது, கேக்கறதே கேக்கறீங்க, முழுசாக் கேளுங்கன்னேன்.

தங்கச்சி: உங்களுக்கு எல்லாமே கிண்டல்.

அண்ணி: கிண்டல் இல்ல, வயித்தெரிச்சல். மனசுக்கு மெருகு ஏறிக்கிட்டே போச்சு, அலமாரிக்குள்ள ஒரு கதை பொறக்கலை. ஒரு நாள் பொறுக்க முடியாம, "தேய்ச்சதையே தேய்ச்சா துணி கிழிஞ்சுடும். போய்க் கதையைச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டேன்.

தங்கச்சி: சரியாத்தானே சொன்னீங்க.

அண்ணி: என்ன சரி? அடுத்த வருஷம் அந்தப் பக்கம் சாஞ்சுட்டார். விடிஞ்சா ஒரு கதை, பொழுது சாஞ்சா ஒரு கதை. போதாதுன்னு, ரிப்பேர் பண்ணப் போற லிஃப்டுக்குள்ள எல்லாம் ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டு வந்தார்.

தங்கச்சி: என்ன நோட்டீஸ்?

அண்ணி: "இதே லிஃப்டில் நடந்த திகில் கதையைக் கேட்டுவிட்டீர்களா?"

தங்கச்சி: கடவுளே.

அண்ணி: அந்தக் கட்டடங்கள்ல ஒரு ஜீவன் லிஃப்டுல கால் வைக்கலை. மேல் மாடிப் பெரியவர் ஒருத்தர் படியேறி ஏறி முட்டி வீங்கி, கம்பெனிக்கே நேர்ல வந்துட்டார், நொண்டிக்கிட்டே. இன்னொரு தடவை இப்படி நடந்தா நீ வேற வேலை பாத்துக்கோன்னுட்டாங்க. இவ்வளவு ஆட்டத்துக்கும் கதை கேட்டது யாருங்கறே? நானும் நீயும்.

தங்கச்சி: ...ஆமா. கேட்டோம்.

அண்ணி: அப்புறம் அந்த நூலகத்துக் கூட்டம். உனக்கு ஞாபகம் இருக்கா?

தங்கச்சி: மழை பெஞ்ச அன்னிக்கா? நான் வரலையே, ஆஸ்பத்திரியில விடலை.

அண்ணி: வராததே நல்லது. எண்ணி ஏழு பேர். மழை விட்டதும் ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா... கடைசியில மிச்சம் இருந்தது, பூட்டறதுக்காகச் சாவியோட நின்ன ஆள். உன் அண்ணன் அவருக்கே கதையை முடிச்சுட்டு வந்தார். வந்தவர் அலமாரிக்குள்ள போய் உக்காந்துட்டார். மைக் இல்ல, ஒண்ணும் இல்ல. கதவைத் திறந்து பாக்கறேன், துணிங்களுக்கு நடுவுல முட்டியைக் கட்டிக்கிட்டு... "நான் சொல்றது நல்லா இல்லையா, இல்ல ஜனங்களுக்குக் காது இல்லையா, ஏதாவது ஒண்ணு சொல்லு"ன்னார்.

தங்கச்சி: ...நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: என்னத்தைச் சொல்றது. சாப்பிட வாங்கன்னேன்.

தங்கச்சி: பாவம் அண்ணி.

அண்ணி: அதுக்கப்புறம் அவர் நிறுத்தலை, அது வரைக்கும் சந்தோஷம். ஆனா உன் வாத்தியார் ஒண்ணு சொல்லியிருந்தாரே... எண்ணிக்கையைப் பாக்காதே, எண்ணத்தைப் பாருன்னு. அதைப் பிடிச்சுக்கிட்டார். "எத்தனை பேர் கேக்கறாங்க, என்ன எழுதறாங்க, எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம், நீயே பாத்துக்கோ"ன்னு எல்லாத்தையும் என் கையில கொடுத்துட்டார். நான் பாத்தேன். முதல் ஆள் எழுதியிருக்கார், "அண்ணா, நாலு நிமிஷத்துல போயிட்டேன்"னு.

தங்கச்சி: ச்சே. கேக்கப் பிடிக்கலைன்னா பேசாமப் போக வேண்டியதுதானே.

அண்ணி: நானும் அப்படித்தான் நினைச்சேன். அடுத்தது, "நான் மூணு நிமிஷம் கூடத் தாங்கலை, நீங்க நல்லா இருக்கணும்". அதுக்கு அடுத்தது, "பேய் எப்போ வரும்னு யாருக்காவது தெரியுமா? எங்க வீட்டுல இன்னும் யாரும் பாத்ததில்ல". அப்பதான் எனக்கு உறைச்சுது. அவங்க விட்டுட்டுப் போகலை... தூங்கிப் போயிடறாங்க.

தங்கச்சி: அண்ணன் கதையிலயா?

அண்ணி: ஏன், உனக்குத் தெரியாதா? பேய் லிஃப்டுக்குள்ள வரணும்னா, முதல்ல லிஃப்ட் எப்படி மேல போகுதுன்னு தெரியணும்பார். அந்தப் பக்கம் எடைக்கல்லு மெதுவா இறங்குது... இந்தப் பக்கம் பெட்டி மெதுவா ஏறுது... தண்டவாளத்துக்கு எண்ணெய் விடறோம்... சொட்டு... சொட்டா...

தங்கச்சி: ...ம்...

அண்ணி: ஏய். கண்ணைத் திற.

தங்கச்சி: இல்ல அண்ணி, கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

அண்ணி: அந்தக் குரல் வேற பஞ்சுல சுத்தின மாதிரி. அதனால நான் ஒரு காரியம் பண்ணினேன். நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

தங்கச்சி: என்ன பண்ணினீங்க?

அண்ணி: "லிஃப்டுக்குள் திகில்"னு பேர் இருந்துச்சில்ல... அதை "லிஃப்டுக்குள் துயில்"னு மாத்திட்டேன்.

தங்கச்சி: அண்ணி.

அண்ணி: கண்ணாடி போடாம பாத்தா ரெண்டும் ஒண்ணுதானே. கீழ ஒரு வரி, "தூக்கம் வராதவங்க இங்க வாங்க"ன்னு போட்டேன். அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி வந்தாங்க. ராத்திரி வேலைக்காரங்க, கைக்குழந்தைக்காரங்க, பரிட்சைக்குப் படிக்கற பசங்க... கடைசியா இந்த மெத்தைக் கடைக்காரங்களும்.

தங்கச்சி: எத்தனை பேர் இருக்கும்?

அண்ணி: எண்ணிக்கையைக் கேக்காதே.

தங்கச்சி: சரி... இப்ப என்ன பண்றது?

அண்ணி: வண்டி வந்துக்கிட்டிருக்கு. நீ சொல்லிடு அவர்கிட்ட. தங்கச்சி சொன்னா தாங்கிக்குவார். ஊரே நடுங்கும்னு நினைச்சுக்கிட்டுப் போய், அங்க வரிசையாத் தலையணையைப் பாத்தார்னா... மறுபடி அலமாரிக்குள்ள போயிடுவார்டி. இந்தத் தடவை வெளிய வரவழைக்க என்னால ஆகாது.

தங்கச்சி: எடுத்த எடுப்புல சொல்லக் கூடாது அண்ணி. முதல்ல அவர் மனசைப் பக்குவப்படுத்தி, மெதுவா...

அண்ணி: மறுபடியும் மனசா? மனசு பக்குவமாகறதுக்குள்ள மெத்தை பழசாயிடும். பட்டுனு உடைச்சுச் சொல்லு.

தங்கச்சி: பட்டுனு உடைச்சா அண்ணனும் உடைஞ்சுடுவார்.

அண்ணி: அப்ப பக்குவமா உடை. ஏதோ ஒண்ணு... வர்றார், வர்றார்.

அண்ணன்: அடடே, பாப்பா வந்திருக்கா? எப்ப வந்தே?

தங்கச்சி: இப்பதான் அண்ணா. அண்ணா... வாழ்க்கையில நாம ஒரு கதவைத் தட்டினா, சில சமயம் பக்கத்துக் கதவு திறக்கும், இல்லையா...

அண்ணன்: லிஃப்டுல அப்படி ஆனா சென்ஸார் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். இது என்ன, கறுப்பைத் தேய்ச்சு வெச்சிருக்கே? அந்தப் பழைய வெளிர் நீலத்தைக் கொடு.

அண்ணி: திகில் கதைக்குக் கறுப்புதானே எடுப்பா...

அண்ணன்: கறுப்பைப் பாத்தா படுத்திருக்கறவங்க முழிச்சுக்குவாங்க. என்ன, ரெண்டு பேரும் பேயைப் பாத்த மாதிரி.

அண்ணி: படுத்திருக்கறவங்கன்னு... உங்களுக்கு யார் சொன்னா?

அண்ணன்: மெத்தைக் கடைக்கு லிஃப்ட் மாட்டினதே எங்க கம்பெனிதான். கட்டில் எல்லாம் நான் சரி பண்ணின லிஃப்டுலதான் மேல போச்சு.

தங்கச்சி: அப்ப குளிக்கற எடத்துல கத்தினது?

அண்ணன்: கத்தினேனா? கொட்டாவி பழகறேன். ஒருத்தர் விட்டா பக்கத்துல இருக்கறவங்களுக்கும் வரும்ல. அந்தச் சுவர் எதிரொலியில அப்படிக் கேட்டிருக்கும்.

அண்ணி: கட்டிலை விடுங்க. கதை... அவங்க எல்லாரும் தூங்கத்தான் கேக்கறாங்கன்னு...

அண்ணன்: தெரியும்.

அண்ணி: எப்போலேர்ந்து?

அண்ணன்: கொஞ்ச நாளாச்சு. ஒரு கட்டடத்துல லிஃப்ட் நின்னு போச்சு. உள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. பயப்படாதீங்க, இப்ப கயிறு மெதுவா இறங்கும், பெட்டி மெதுவா வரும்னு வெளியிலேர்ந்து பேசிக்கிட்டே கதவைத் திறந்தேன். திறந்து பாத்தா, சுவத்துல சாஞ்சு தூங்கறாங்க.

தங்கச்சி: லிஃப்டுக்குள்ளயேவா?

அண்ணன்: எழுப்பினா, கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. ஆஸ்பத்திரியில ராத்திரி நர்ஸாம். பகல்ல கண்ணை மூடினா, நோயாளிங்க முகமா வருதாம். இணையத்துல உங்க குரல் கேட்டாத்தான் தம்பி ரெண்டு மணி நேரமாவது தூங்கறேன்னாங்க. எனக்கு முதல்ல சுருக்குனு இருந்துச்சு. நான் நடுங்க வைக்கலாம்னு பாத்தா, இவங்க இப்படிச் சொல்றாங்களேன்னு. லிஃப்ட் பெட்டி மேல ஏறி, இருட்டுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

அண்ணி: என்கிட்ட ஒரு வார்த்தை...

அண்ணன்: மனசைச் சரி பண்றேன்னு உக்காந்தேன், அப்புறம் மூச்சு முட்ட ஓடினேன். யாருக்குச் சொல்றேன்னு அது வரைக்கும் ஒரு முகத்தைக் கூட நிதானமாப் பாத்ததில்ல. அன்னிக்குத்தான் பாத்தேன். உன்கிட்ட சொல்லலாம்னு வந்தா, நீ திகிலைத் துயிலாக்கி வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி துணி மடிச்சுக்கிட்டிருந்தே. அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறவகிட்டப் போய் என்ன சொல்றது?

அண்ணி: ...கோவமா?

அண்ணன்: பேர் நல்லாத்தான் இருக்கு.

அண்ணி: சரி, யார் எக்கேடு கெட்டுத் தூங்கினாலும், இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் உங்க கதையை ஒரு நாள் கூடப் பாதியில விட்டதில்ல. அதை மட்டும் நினைவுல வெச்சுக்கோங்க.

தங்கச்சி: ஆமா அண்ணா, முழுக்க முழுக்கக் கேட்டோம். போன வாரக் கதையில, கடைசியா அந்தப் பேய் கண்ணாடியில தெரியுமே... எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுப் போச்சு.

அண்ணி: எனக்கும்தான். விளக்கை அணைக்கவே பயமா இருந்துச்சு.

அண்ணன்: அப்படியா... அந்த நர்ஸம்மாவைப் பாத்த நாள்லேர்ந்து நான் எந்தக் கதையிலயும் பேயே வைக்கறதில்லையே. லிஃப்ட் மேல போகும், கீழ வரும், அவ்வளவுதான். சரி, கிளம்புங்க, வண்டி சத்தம் கேக்குது. முன் வரிசையில ரெண்டு கட்டில் சொல்லி வெச்சிருக்கேன், உங்களுக்குத்தான்.