தவிட்டுக்கு வாங்கினவள்

— நீ ஏம்மா ஏர்போர்ட்ல அந்த செக்யூரிட்டி ஆளுகிட்ட அப்படிச் சொன்ன? லைன்ல உன் பின்னாடிதான் நின்னேன். ‘குழந்தை உன்னுதா’ன்னு கேக்கறான், நீ பாட்டுக்கு இல்லன்னு தலையாட்டற. புள்ளை புடிக்கிற கும்பல்னு நினைச்சு அரண்டுட்டான் அவன்.

— ஐயே, பாத்துட்டியாக்கா? எனுக்கு நாக்கே எயும்பல. அப்பால பர்த் சர்டிபிகேட்ட காட்டி, ஆதார காட்டி, ஒரு லேடி போலீசு வந்து என் மூஞ்சியும் இவன் மூஞ்சியும் மாத்தி மாத்திப் பாத்துட்டுதான் வுட்டாங்கோ.

— பெத்தவதானே நீ?

— பெத்தவதான். எம்பேரு வினிதா, காசிமேடு. ஆனா எம்புள்ளன்னு வாயால சொல்லக்கூடாது. இவன நான் வித்துட்டேன்.

— என்னது!

— மெதுவாக்கா! முன்னாடி சீட்டுக்காரரு திரும்பிப் பாக்கறாரு பாரு. தவுட்டுக்கு வித்தேன். உங்க பக்கம் அந்த வயக்கம் கெடையாதா?

— கேள்விப்பட்டிருக்கேன். நாங்க புளியந்தோப்பு. எங்கப்பா வீட்டுல புத்தர் படத்தை மாட்டினதோட சரி, இந்த மாதிரி சடங்கையெல்லாம் வாசலோட நிறுத்திட்டாரு. என் பேரு சங்கமித்ரா. நர்ஸு. அந்தமான்ல ஒரு ஆஸ்பத்திரில வேலை கெடைச்சிருக்கு, அதான் போறேன்.

— நர்ஸா! அம்மாடி, இப்பதான் எனுக்கு உசுரே வந்துச்சு. அப்ப உன்ன சிஸ்டர்னே கூப்பிட்றேன். ஃப்ளைட்டு எனுக்கு இதான் மொத தபா. இவனுக்கு அஞ்சு மாசம். எங்கூட்டுக்காரரு தீபன் அந்தமான்ல போட்டு இஞ்சின் மெக்கானிக்கு. அவராண்டதான் போறேன். மேல ஏறசொல்லோ கொயந்தைக்கு காது அடைச்சிகினு கத்தும்னு ஆளாளுக்கு பயம் காட்டி வுட்டாங்க.

— நான் சொல்றத கேளு. ஏறும்போதும் எறங்கும்போதும் பால் குடு. முழுங்க முழுங்க காது விட்டுடும். அவ்வளவுதான் மேட்டர். தம்பிக்கு என்ன பேரு?

— சர்டிபிகேட்ல வல்லரசு. கூப்புட்றது குப்பன்.

— வல்லரசுக் குப்பனா! டேய், பெரிய ஆளுடா நீ. சிரிக்கிறான் பாரு... என்னைப் பாத்து இல்லியே. அந்தப் பக்கம் என்ன பாத்து சிரிக்கிறான்?

— அந்தாண்ட சீட்ட.

— காலியாதானே இருக்கு? நல்லதாப் போச்சு. இவ்ளோ கூட்டத்துல ஒரு சீட்டு காலி. பையைத் தூக்கி அதுல வை, கால்ல இடிக்குது பாரு.

— வேணாம் சிஸ்டர். அதுக்கு ஆள் பேர்ல டிக்கெட்டு போட்டு கீது.

— யாரு பேர்ல?

— இவன வாங்குனவ பேர்ல.

— எக்ஸ்கியூஸ் மீ மேடம், இது குழந்தைக்கான பெல்ட். உங்க பெல்ட்டுல கோர்த்து குழந்தை இடுப்புல மாட்டிக்குங்க. புறப்படப் போறோம். இந்த சீட்டுல யாராவது இருக்காங்களா?

— இல்லம்மா, யாரும் வரல. குடு, நானே மாட்டிவிடறேன்... ம், போயிட்டா. அசையாம இருடா குட்டி. ஆச்சு. இப்ப சொல்லு வினிதா, யாரு அந்த வாங்கினவங்க?

— அங்கம்மாக்கா. எங்க பக்கத்து வூடு. மீன் விக்கிறவங்க. வாயத் தொறந்தா தெருவே காதப் பொத்திக்கும், ஆனா தங்கமான மன்ஷி. எனுக்கு மொத ரெண்டும் தங்கல சிஸ்டர். மூத்தது பொண்ணு, ஒம்போதாம் நாளே போய்ட்ச்சு. அடுத்தவன் மூணு மாசம் இருந்தான். தூங்கினுதான் கீறான்னு நெனைச்சி துணி தொவைச்சிகினு இருந்தேன். எயுப்பப் போனேன், எயுந்திர்ல.

— ஐயோ.

— இவன் பொறந்தவொடனே அங்கம்மாக்கா மொறத்துல தவுட கொண்டாந்து கொட்டுனாங்க. ‘தோ பார்டீ, தவுட்டுக்கு வாங்கிட்டேன். இது என்து. எமன் வந்து வினிதா புள்ள எங்கன்னு கேட்டா, அவளுக்கு ஏது புள்ள, இது அங்கம்மா புள்ளன்னு சொல்லு’ன்னாங்க. நானும் அப்டியே சொல்லிக்கினு வந்தேன். டாக்டராண்ட, ரேஷன் கடையாண்ட, யாரு கேட்டாலும் அங்கம்மாக்கா புள்ளதான்.

— அவங்களுக்கு சொந்தமா குழந்தை?

— இல்ல. கண்ணாலம் ஆன மறு வருஷமே அவங்க புருஷன் கடலுக்குப் போனாரு. போட்டு வந்துச்சு, ஆளு வர்ல.

— பாவமே... சரி, வண்டி ஓட ஆரம்பிச்சிடுச்சு. பாலைக் குடு.

— யம்மா! யம்மா, இன்னா இவ்ளோ ஸ்பீடு! சிஸ்டர், என் கைய கெட்டியா புடிச்சிக்கோ. தலையெல்லாம் பின்னாடி இஸ்துகினு போவுது!

— ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான், ஏறிட்டோம். கண்ணைத் தொற. பால் குடிக்கிறானா?

— வாயே வெக்க மாட்றான். மூஞ்சத் திருப்பிக்கறான். ஆனா அயுவுலியே சிஸ்டர்? பின்னாடி ரெண்டு கொயந்தைங்க எப்டி வீல் வீல்னு கத்துது கேளு. இவன் கம்முனு கீறான்.

— நல்ல விஷயம்தானே? இரு... வாயைப் பாரு. சப்பறான்.

— இன்னாத்த சப்பறான்? வாய்ல ஒண்ணியும் இல்லியே.

— சில குழந்தைங்க அப்படித்தான், நாக்கையே சப்பும். தொண்டை ஏறி எறங்குது பாரு. முழுங்கறான். காதுக்கு அதுவே போதும். கெட்டிக்காரன். கீழ பாரு வினிதா, பயம் போயிடும். அதோ துறைமுகம். அந்த நெட்டையா நிக்கிறது எண்ணூர் புகைபோக்கி.

— எங்க போட்டுங்கோ அத்தனியும் தீக்குச்சி கணக்கா கீது. சிஸ்டர், இங்கேர்ந்து மூலக்கொத்தளம் தெர்தா?

— இவ்ளோ ஒசரத்துல அது எப்படித் தெரியும்? சுடுகாட்டை எதுக்குத் தேடற?

— நேத்து அங்கதான் பொதைச்சாங்க. அங்கம்மாக்காவ.

— ...அவங்க செத்துட்டாங்களா?

— முந்தாநாளு விடியக்காலம். கொயாயாண்ட கொடம் வெச்சிட்டு நிமிந்தாங்களாம், அப்டியே சாஞ்சிட்டாங்க. நெஞ்சு வலியாம். என்னக் கொண்டாந்து அந்தமான்ல வுட்டுட்டுத் திரும்பி வர்றதா இருந்தாங்க. அவங்களுக்கும் இதான் மொத ஃப்ளைட்டு. தெருவெல்லாம் சொல்லி வெச்சிருந்தாங்க, ‘எம்புள்ளய ஏரோப்ளேன்ல கூட்டிகினு போறேன்’னு. டிக்கெட்டு போட்ட கம்ப்யூட்டர் கட நெல்சன், கேன்சல் பண்டலாமான்னு கேட்டான். எனுக்கு மனசு வர்ல. இருக்கட்டும் வுட்றான்னுட்டேன்.

— அதுல என்ன தப்பு? பிரியம் இருந்திருக்கு, அதான் மனசு வரல.

— பிரியம் இல்ல சிஸ்டர், பயம். நான் ஒண்ணு சொல்றேன், நீ என்னத் தப்பா எடுத்துக்காத. அவங்க போறதுக்கு மொத நாளு சாய்ந்தரம் இவனக் காணோம்னு அவங்க வூட்டுக்குப் போனேன். கதவு சும்மாதான் சாத்தி இருந்துச்சு. தொறந்தா, இவனுக்கு அவங்க மார குடுத்துகினு ஒக்காந்துகினு கீறாங்க. அம்பது வயசு பொம்பள. பால் ஏது? ‘சும்மாதாண்டீ, அயுதான், வாய்ல வெச்சேன்’னாங்க. எனுக்கு உடம்பெல்லாம் பத்திகிச்சு. புடுங்கிக்கினேன். ‘எம்புள்ளய எப்டி பாத்துக்கறதுன்னு எனுக்குத் தெரியும், நீ ஃப்ளைட்டுக்கும் வராத, எங்கயும் வராத’ன்னு கத்திட்டேன்.

— கோவத்துல சொன்னதுதானே.

— அவங்க அயுவல. ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. ‘உம்புள்ளயா? எப்படீ திருப்பி வாங்குன?’ன்னு கேட்டாங்க. நான் வாங்கவே இல்லியே சிஸ்டர்! மொட்ட போட்டு காது குத்தசொல்லோ தவுட்டக் குடுத்து வாங்கிக்கலாம்னு இருந்தோம். வாங்குனவ போய்ட்டா, பொருளு யாருக்கு? அவளாண்டயே போய்டுமா? அத்த நெனைச்சா எனுக்கு சோறு எறங்கல, தூக்கம் இல்ல. கடலத் தாண்டிட்டா வுட்ருவாங்கன்னு ஓடியாந்தேன். வந்து பாத்தா பக்கத்து சீட்டே அவங்க சீட்டு. நானே டிக்கெட்டு போட்டு கூட்டிகினு வந்துட்டேன்.

— வினிதா, இங்க பாரு. ரெண்டு புள்ளைய தொலைச்சவ நீ. தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல. மூளை எதை எதையோ கோர்த்து வெக்கும். நான் எத்தனை பிரசவ வார்டு பாத்திருக்கேன். குழந்தையை இப்படி சாய்ச்சுப் புடி, ஒரு தடவை பாத்துடறேன்... மூச்சு சரியா இருக்கு. கலர் நல்லா இருக்கு. வயிறு நல்லா ரொம்பி இருக்கே. எப்ப பால் குடுத்த?

— காலைல நாலு மணிக்கு, வூட்ல. அதுக்கப்புறம் குடிக்கவே இல்ல.

— இப்ப மணி பத்தாகுது.

— அத்தத்தான் சொல்றேன்!

— இரு, இரு. காத்தை முழுங்கியிருப்பான். தோள்ல போட்டுத் தட்டறேன்... ஆங், ஏப்பம் வந்துடுச்சு பாத்தியா?

— சிஸ்டர். உன் தோளப் பாரு. கக்கியிருக்கான்.

— ஆமா.

— பால்தானே அது?

— ...காலைல குடிச்சதா இருக்கும்.

— ஆறு மணி நேரமா வவுத்துல இருந்த பாலு இப்டி வெள்ள வெளேர்னு வருமா? நர்ஸுதானே நீ, சொல்லு. வருமா?

— அழாத. முதல்ல அழறதை நிறுத்து. நீ நடுங்கினா குழந்தையும் நடுங்கும். நான் சொல்றத கேளு. எனக்கு இதுல நம்பிக்கை கெடையாது, ஆனா உன் மனசுக்கு ஒரு வழி வேணும். திருப்பி வாங்கறதுக்கு என்ன செய்யணும்?

— பெருசா ஒண்ணும் இல்ல. வாங்குனவ மடில புள்ளய வெக்கணும். தவுட்ட அவ முந்தானைல கொட்டிட்டு, எம்புள்ளயக் குடுன்னு கேக்கணும். அவ, ‘தவுடு வந்துச்சு, உம்புள்ளய எடுத்துக்கோ’ன்னு வாயால சொல்லி, கையால குடுக்கணும். அத்தோட முடிஞ்சிடும். பொணத்தாண்டயாவது செஞ்சிடலாம்னு ஒரு புடி தவுட்ட முடிஞ்சிகினு போனேன். அவங்க தம்பி சுப்புராயன் வாசல்லயே மறிச்சிட்டாரு. பச்சப் புள்ளக்காரி சாவு வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு தொரத்தி வுட்டுட்டாரு.

— அந்தத் தவிடு எங்க?

— தோ, பைலதான் கீது. செக்யூரிட்டில அவுத்து மோந்து பாத்துட்டு, தலைல அடிச்சிகினு குடுத்தான்.

— சரி. அவங்களுக்குப் பதிலா வேற யாராவது நின்னு சொன்னா ஆகாதா?

— செத்தவ எடத்துல யாரு சிஸ்டர் நிப்பா?

— நான் நிக்கறேன்.

— நீயா? வேணாம் சிஸ்டர். நீ நல்லா இருக்கணும்.

— எனக்கு என்ன ஆகப்போவுது? ராத்திரி பகல்னு பொணத்தோட வேலை பாத்தவ நான். ரெண்டு வார்த்தை சொல்லி உன் குழந்தையை உன் கையில குடுக்கறதுல எனக்கு என்ன கொறைச்சல்? எறங்கும்போது உன் வீட்டுக்காரர் கண்ணு முன்னாடி இப்படி வெளிறிப் போய் நிக்கப் போறியா? பெல்ட்டு லைட்டு அணைஞ்சிடுச்சு. காலை மடக்கு, நான் அந்தப் பக்கம் போறேன்.

— அந்த சீட்டா? சிஸ்டர், ஜன்னலாண்டயே ஒக்காந்து சொல்லேன்!

— செய்யறதை ஒழுங்கா செய்வோம் வினிதா. அப்புறம், சீட்டு மாறிப்போச்சு, செல்லாதுன்னு நீயே ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு கிடப்ப. நகரு... அப்பா! இந்தப் பக்கம் என்ன இப்படி சில்லுனு இருக்கு. ஏ.சி. நேரா இங்கதான் அடிக்குது போல. பெல்ட்டைக் கழட்டிட்டுக் குழந்தையைக் குடு.

— பயமா கீது சிஸ்டர்.

— குடு. ஒரு நிமிஷம்தானே. வாடா செல்லம், வா. யப்பா, என்னமா ஒட்டிக்கறான்! பொறந்ததுலேர்ந்து தெரிஞ்ச மாதிரி.

— உங்கிட்ட முந்தானை இல்லியே, சுடிதாராச்சே.

— துப்பட்டாவை விரிச்சிருக்கேன் பாரு. இதுல கொட்டு. அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிக்குடு, தப்பா சொல்லிடப் போறேன்.

— ‘தவுடு வந்துச்சு, உம்புள்ளய எடுத்துக்கோ.’

— சரி. கேளு.

— எல்லையம்மா, தாயே, நீதான் தொணை. தோ, கொட்டிட்டேன். அங்கம்மாக்கா, நான் அன்னிக்கு அப்டிக் கத்தியிருக்கக் கூடாது. என்ன மன்னிச்சிக்கோ. உன் தவுட்ட நீ வாங்கிக்கோ. எம்புள்ளய எனுக்குக் குடு.

— ...

— சொல்லு சிஸ்டர்.

— ...

— இன்னா கம்முனு கீற? மறந்துட்டியா? தவுடு வந்துச்சு... அதான் சிஸ்டர், அத்தச் சொல்லு. ஐயோ, தவுட்ட ஏன் கீய தட்டி வுட்ற? துப்பட்டாவ ஏன் அவன் மேல போத்தற? சிஸ்டர்! புள்ளயக் குடு!

— விக்கறதுக்காடீ வாங்குனேன்?