பாஸ் ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுத்த விதம்

தொப்பூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு டாக்சி டிரைவர்கள். இளையவர் மூத்தவரிடம் புலம்பிக்கொண்டு வந்தார்.

"ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சதுகூடப் பரவால்லீங்க மாமா. நம்ம ஸ்டாண்டு டிரைவர் சேவியர் எனக்கு தேங்க்ஸ் சொன்னான் பாருங்க, அதாங்க வயிறு எரியுது."

"எதுக்குடா தேங்க்ஸு?"

"போன மாசம் அவன் காருக்கு ரெண்டு பாஸ் ஸ்பீக்கர் வாங்கிட்டு, எப்படி ஒயர் குடுக்கறதுன்னு என்கிட்ட வந்து கேட்டான். கல்யாணப் பார்ட்டியெல்லாம் அவன்கிட்டயே போயிடுமேன்னு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சீரீஸ்ல குடுன்னேன். சத்தம் கம்மியாத்தான வரும்?"

"வந்துச்சா?"

"கம்மிதான். ஆனா கேசட் போட்டா அவ்ளோ சுத்தமா கேக்குதுங்க. எனக்குப் பொறுக்கல. அதே மாதிரி ரெண்டு வாங்கி, சத்தம் எகிறட்டும்னு ரெண்டுக்கும் தனித்தனியா ஒயர் இழுத்து பேரலல்ல குடுத்தேன். நேத்து பொண்ணு மாப்பிள்ளையோட கணவாய் ஏறறப்ப வண்டிக்குள்ள ஒரே புகை. பின்னால வந்த அவன்தான் ஜோடிய ஏத்திக்கிட்டான். 'நீங்க சொன்ன மாதிரி குடுத்ததாலதான் என்னுது தப்பிச்சுது, தேங்க்ஸுங்கண்ணா'ன்னான்."

"அடப்பாவி! ஆம்ப்ளிஃபயர் முதுகுலயே நாலு ஓமுக்குக் கீழ கூடாதுன்னு எழுதியிருக்குமே. நாலு ஓம் ஸ்பீக்கர் ரெண்டைப் பேரலல்ல குடுத்தா ரெண்டு ஓம் ஆயிடும், தாங்காது. அவனைக் கெடுக்கச் சொன்னதுதான்டா சரியான கனெக்சன்!"

"இப்பத்தான தெரியுது."

"வண்டி எங்க?"

"அவன் வூட்டுலதான் நிக்குது. அவனே ஒயர் மாத்தித் தர்றானாம்."

"நல்ல பையன்தான்."

"என்ன சொன்னான் தெரியுங்களா? 'நீங்க எந்த மனசோட எனக்குச் சொல்லிக் குடுத்தீங்களோ, அதே மனசோட செஞ்சு தர்றேங்கண்ணா'ன்னான்."

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.