பாம்புப் பெட்டிக்குள் பல்பு

எண்பதுகளில் ஒரு ஜனவரி ஞாயிறு. அமெரிக்காவில், டெக்சாஸ் பேர்லேண்ட் கோயிலில் புளியோதரைக்கு வரிசையில் நின்றிருந்தோம். நல்ல குளிர்.

"எங்க வீட்ல எங்களை விடப் பாம்புதான் கதகதப்பா தூங்குது" என்றாள் எனக்கு முன்னால் நின்ற பெண், தன் தோழியிடம்.

"பாம்பா? வீட்டுக்குள்ளயா?"

"என் பொண்ணு உமா வளக்கறா. விஷமில்லாததுதான். மரப்பெட்டியும் அவளே செஞ்சது. பாம்புக்குக் குளிராம இருக்க உள்ள ஒரு பல்பு. முதல்ல அதைப் பலகையை ஒட்டி மாட்டிட்டா. ஒரே நாள்ல பலகை கருகிப்போச்சு. பாம்பைக் கடையிலயே திருப்பிக் குடுன்னு கத்தினேன்."

"குடுத்தாளா?"

"ரெண்டு வாரம் டைம் கேட்டா. பாம்பை ஃப்ரெண்ட் வீட்ல விட்டுட்டு, பீங்கான் ஹோல்டர் வாங்கி, பல்பைப் பலகையிலேர்ந்து நல்லாத் தள்ளி மாட்டினா. பாம்பு தொட்டா சுட்டுடும்னு பல்பைச் சுத்திக் கம்பிவலை. சூடு ஏறினா தானா அணைய தெர்மோஸ்டாட். ஒரு ஓரம்தான் சூடு, வேணாம்னா அது இந்தப் பக்கம் நகர்ந்துக்கும். ஒரு வாரம் காலிப் பெட்டியில பல்பை எரியவிட்டு, வேளாவேளைக்குச் சூட்டைப் பாத்து எழுதினா."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"அவர் எலெக்ட்ரிகல் இஞ்சினியராச்சே! ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்து ஒண்ணொண்ணா செக் பண்ணார். ஒரு தப்பு கிடைக்கலை. மறுநாள் ஆபீஸ் பூரா சொல்லிட்டு வந்துட்டார்!"

அவள் குரல் உயர்ந்ததில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

தோழி சற்றுத் தயங்கிவிட்டு, "நான் வந்து பாக்கலாமா?" என்றாள்.

"தாராளமா. ஆனா உமா இருக்கறப்போ வாங்க. பெட்டியைத் திறக்க எனக்கும் அவருக்கும் பெர்மிஷன் கிடையாது."