சாமைக்கு அழைப்பு

ஏறமாட்டேன்னு சொன்னா ஏறமாட்டேன் தம்பி. எத்தினி தபா கேட்டாலும் அதே பதில்தான். மொதல்ல என் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால ஒரு கல்லு வையி. உன் வண்டிக்கு இல்லப்பா, அது நிக்கும், இஞ்சின் கீது. என்துதான் உருளும். உருண்டுச்சின்னா மலையடிவாரத்துல அமிர்தியிலதான் போய் நிப்பேன், காலையிலேர்ந்து ஏறினதெல்லாம் வீணாப் பூடும்.

ஆங், அது போதும். இப்போ கைய வுட்டுப் பேசலாம். நானும் தோள கொஞ்சம் ஆத்திக்கணும். ஆனா தள்ளி வுடறேன்னு கிட்ட வந்துடாத. ரெண்டு வளைவுக்குக் கீழ ஒருத்தன் பைக்குல வந்தவன், கால நீட்டிப் பின்னாலேர்ந்து முட்டுக் குடுத்தான். உதவி பண்றானாம். நான் டக்குனு பிரேக்கப் புடிச்சிட்டேன். அவன்தான் தடுமாறி வுழப் பாத்தான். அப்பறம் கேக்குறான், இன்னாக்கா இவ்ளோ திமிருன்னு. ஆமாப்பா, காலுல இருக்க வேண்டிய பலமெல்லாம் அங்கதான் போயிருக்குன்னேன்.

உன் வண்டியில பின்னால துணி போத்தி இன்னாத்த ஏத்தினு வர? சரி வுடு, சொல்ல இஷ்டமில்லன்னா வேணாம்.

இதுவா? ஹேண்ட்சைக்கிள்னு சொல்றாங்க. காலால மிதிக்கிற பெடல கையால சுத்தணும், அவ்ளோதான். காலு ரெண்டையும் இப்டி முன்னால நீட்டிக் கட்டிக்குவேன். பேரு செல்லி. ஊரு மேல, ஜமுனாமரத்தூர் தாண்டி, பஸ்சு போற ரோட்ட வுட்டு உள்ள போவணும். இப்போ கன்னியாகுமரியிலேர்ந்து வர்றேன். ஆமாப்பா, கன்னியாகுமரி. கையாலதான். கைய வேணா பாரு. காப்புக் காச்சி உளுந்து வடை மாதிரி ஆயிடுச்சி.

தனியா இல்ல. நாங்க ஒரு கும்பலு, அல்லாரும் என்ன மாதிரி இடுப்புக்குக் கீழ வராதவங்க. வேலூர்ல அருணா மேடம்னு ஒருத்தங்க, அவங்கதான் அல்லாரையும் சேத்துக் கூட்டினு போனது. மெட்ராஸ் வரைக்கும்தான் ஏற்பாடு. அங்க கூட்டம் போட்டு, சால்வ போட்டு, போட்டோ புடிச்சி, மத்தவங்களையெல்லாம் வேன்ல ஏத்தி அவங்கவங்க ஊருக்கு அனுப்பிட்டாங்க. நான் ஏறல. பூபாலன்னு ஒருத்தன், அமிர்தியில செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான், சின்னதுலியே போலியோ. அவன் மட்டும் எனக்குத் தொணையா அவன் ஊரு வரைக்கும் ஓட்டினு வந்தான். அதுக்கு மேல மலை. நீ போக்கா, எனக்குப் பொண்டாட்டி கீறாள்னு சொல்லிட்டான்.

எதுக்கா? ஊரூரா நின்னு பேசத்தான். பள்ளிக்கூடத்துக்கு சாய்தளம் கட்டு, பஸ்சுல நாங்க ஏற வழி பண்ணு, கக்கூஸ் கதவ வீல்சேரு நொழையற மாதிரி வையின்னு. நீ சிரிக்கிற. கக்கூசு சிரிக்கிற சமாச்சாரம் இல்ல தம்பி. பாதி ஊர்ல தண்ணி குடிக்காமத்தான் ஓட்டினேன், குடிச்சா எங்க போறது?

கேளு, ஒரு ஊர்ல எங்களுக்குப் பெரிய வரவேற்பு. அல்லாரும் சமம்னு மேடைக்குப் பின்னால இம்மாம் பெருசா பேனரு. மேடைக்கு ஏழெட்டுப் படி. சாய்வா ஒரு பலகையக் கூட காணோம். தூக்கறதுக்கு ஆளுங்கள வரிசையா நிறுத்தி வச்சிருக்காங்க, பந்தக்காரன் சேரு தூக்கற மாதிரி. நான் கீழியே நின்னேன். மைக்கக் கீழ குடுங்கன்னேன். கடைசியில தலைவருங்க அல்லாரும் வேட்டியப் புடிச்சினு படி எறங்கி வந்து மண்ணுல நின்னாங்க. அருணா மேடம் என்ன மொறச்சாங்க. அப்பறம் அவங்களே சிரிச்சிட்டாங்க.

இன்னொரு ஊர்ல, கோயிலு பக்கத்துல நெழலுக்கு நிறுத்திட்டு ஹெல்மெட்டக் கழட்டி மடியில வச்சிருந்தேன். ஒரு அம்மா வந்துச்சி, கண்ணுல தண்ணி, பாவம் பாவம்னு சொல்லினே ஹெல்மெட்டுக்குள்ள காசு போட்டுட்டுப் போவுது. யம்மா, இது தலைக்குப் போட்றது, உண்டியல் இல்லன்னேன். அதுக்கு ஒண்ணும் வெளங்கல. நல்ல மனசுதான். ஆனா இந்தப் பாவம்ன்ற வார்த்த கீதே, அத்த மாதிரி ஒரு பாறாங்கல்லு வேற இல்ல தம்பி. நம்ம தலமேல வச்சிட்டு, வச்சவங்க புண்ணியம் கட்டினு பூடுவாங்க.

ஒரு நிமிசம் இரு. ஒண்ணுமில்ல, கைய ஊனி ஒடம்பத் தூக்கி வுட்டுக்கிறேன். ஒரே எடத்துல குந்தினு இருந்தா கீழ புண்ணு வச்சிடும், வச்சாலும் எனக்குத் தெரியாது. அப்பப்போ இப்டித் தூக்கிக்கணும்.

புளிய மரத்துலேர்ந்து வுழுந்தேன். நானேதான் ஏறினேன். வூட்டுக்காரரு தங்கவேலு அதுக்கு முன்னாலயே செத்துப் பூட்டாரு. புளி காஞ்சி தொங்குது, உலுக்க ஆளு கெடைக்கல. மழை வந்தா அல்லாம் நாசம். ஏறிட்டேன், கிளை முறிஞ்சிச்சி. அப்போ எங்க ஊருக்கு ரோடு கெடையாது. மூங்கில்ல போர்வையக் கட்டி டோலியில தூக்கினு வந்தாங்க. பொம்பள மரமேறினா இப்டித்தான்னு ஊர்ல பேசினாங்களாம். பாக்க வந்தவங்க கிட்ட ஆஸ்பத்திரியில படுத்துனே கேட்டேன், ஆம்பள வுழுந்தா கிளை சொத்தன்றீங்க, பொம்பள வுழுந்தா பொம்பள சொத்தையா? சாத்துக்குடி வச்சிட்டுப் பூட்டாங்க.

மணி பாத்தியா? பொழுது சாயறதுக்குள்ள நான் ஊருக்குப் போயாவணும். ஏன்னா இன்னிக்குத்தான் எங்க ஊர்ல அம்மனுக்குப் பொங்கலு. அடுப்புல ஒலை கொதிச்சி சாமையப் போட்டுட்டாங்கன்னா அப்பறம் நான் போய்ப் பிரயோஜனமில்ல.

உங்க ஊர்ல வழக்கம் வேற. எங்க ஊர்ல தலக்கட்டுக்கு ஒரு படி சாமை. தலக்கட்டுன்னா தெரியும்ல, ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். அந்த வூட்டு ஆளே சாமையக் கோயிலுக்கு எடுத்துனு வரணும். தோலோடதான் வரணும், அங்க உரலு கீது, அங்கியே குத்திப் பொடச்சி ஒரே பானையில போடுவோம். எனக்குப் பதிலா நீ போடுன்னு பக்கத்து வூட்ல குடுத்தனுப்ப முடியாது. அடுத்தவங்க கையில குடுத்தா அது தானம், தன் கையால போட்டாத்தான் பங்குன்னு சொல்வாங்க. வெந்ததும் போட்டவங்களுக்கெல்லாம் இலையில பங்கு வெப்பாங்க. அந்தப் பானையில யாரு சாமை கீதோ அவங்கதான் ஊரு. வூட்டுக்காரரு செத்த வருசம் கூட எங்க வூட்டுப் படி நிக்கல. நான்தான் தலையில வச்சினு போனேன். தாலி இல்லன்னு யாரும் வாயத் தொறக்கல.

வுழுந்ததுக்கப்பறம் நிறுத்திட்டாங்க.

சண்ட போட்டு இல்ல தம்பி, அப்டி நிறுத்தியிருந்தா நானும் சண்ட போட்டிருப்பேன். அன்பா நிறுத்தினாங்க. கோயிலு ஒரு மேட்டு மேல கீது, பாற. நீ எதுக்கு கஷ்டப்படணும், உனக்கு அம்மன் கணக்குப் பாக்காது, உன் பங்கு வூட்டுக்கே வந்துடும்னாங்க. வந்துச்சி. மத்தவங்களுக்கு வெக்கிறதவிட ஒரு கரண்டி கூடவே வந்துச்சி. தூக்குல மொச்சக்கொட்டக் கொழம்பு ஊத்தி வந்துச்சி. போட்டவளுக்கு வந்தா அது பங்கு. போடாதவளுக்கு வந்தா அதே சோறுக்குப் பேரு வேற. நான் துன்னல. கோழிக்குக் கொட்டினேன்.

மேட்டுல நாலு கல்லப் பெரட்டிச் சாய்வா மண்ணு கொட்டுங்க, நானே வந்துடறேன்னேன். உனக்கு ஒருத்திக்காகவான்னாங்க. பக்கத்து வூட்டு குப்பம்மாளு முட்டி வலியில புடிச்சிப் புடிச்சித்தான் ஏறுறா, அவ வாயத் தொறக்க மாட்டா. தூக்கினு போறோம்னு வேணா நாலு பேரு வந்தாங்க. தூக்கினு போய்ப் போட்டா அது தன் கையால போட்டதா? நீயே சொல்லு. இதோ, சீட்டுக்கு அடியில பையி தெரியுதா, அதுல ஒரு படி சாமை கீது. கன்னியாகுமரி வரைக்கும் போய்ட்டு வந்த சாமை. அல்லாரும் அங்க போய் சங்கு, சிப்பி வாங்கினு வருவாங்க, நீ சாமைய சுத்திக் காட்டினு வரியேன்னு பூபாலன் வழியெல்லாம் கிண்டல் பண்ணான். வர்ற வழியில ஒரு நாளு சோறு கெடைக்காம நின்னோம், கஞ்சி காச்சிரலாம் யக்கான்னு அந்தப் பைய ஒரு பார்வ பாத்தான். கையத் தட்டி வுட்டேன்.

இப்போ வெளங்குதா, உன் வண்டியில ஏன் ஏறமாட்டேன்னு? இவ்ளோ தூரம் வந்துட்டு இன்னும் கொஞ்சம்தானக்கான்ற. கொஞ்சம்தான். அதுதான் முக்கியம். மொத்த ரோட்டையும் வண்டியில போயிருந்தாலும் இந்த மலைய மட்டும் நான்தான் ஏறியிருப்பேன்.

மெட்ராஸ்ல பேப்பர்காரங்க சுத்தி நின்னு கேட்டாங்க, எது உங்கள இந்தப் பயணத்துக்குத் தூண்டுச்சின்னு. என்ன மாதிரி இருக்கறவங்களுக்கு வழி தொறக்கணும்னு சொன்னேன். பொய் இல்ல, அதுவுந்தான். அப்டியே போட்டாங்க, போட்டோவோட.

சரி, அந்தக் கல்ல இப்போ எடுத்துடாத, இத்தயும் கேட்டுட்டுப் போ. நீ யாரு அனுப்பி வந்தேன்னு எனக்குத் தெரியும். துணிக்கு வெளிய ஒரு கைப்பிடி நீட்டினு கீது பாரு, செவப்பு ரிப்பன் சுத்தி. அது நான் சுத்தின ரிப்பன். என் வூட்டு வீல்சேரு. அதுக்கு மேல சாமந்தி மாலை கீது, இங்க வரைக்கும் வாசன அடிக்குது. என் புள்ள பிரகாஷ்தானே அனுப்பினான்? அம்மா பாதி மலையில கஷ்டப்பட்டுனு இருக்கும், ஏத்தினு வந்துடு, ஊரு எல்லையில எறக்கி மாலை போட்டுக் கூட்டினு போவலாம்னு. தலய ஆட்டுற. நல்ல புள்ளதான் தம்பி. ஆஸ்பத்திரியில எனக்குப் பீ மூத்திரம் அள்ளின புள்ள.

பொங்கலுக்கு முந்தின நாளு வூடு வூடாப் போய் மேளம் அடிச்சிக் கூப்புடணும். இன்னார் வூட்டுத் தலக்கட்டு, சாமைக்கு வாங்கன்னு. கூப்புட்டாத்தான் போலாம். ரெண்டு வருசத்துக்கு ஒருத்தரு மொற. போன வருசமும் இந்த வருசமும் பிரகாஷு மொற, அவன் தனி அடுப்பு, தனித் தலக்கட்டு. போன வருசம் என் புள்ளையாச்சே, கூப்புடுவான்னு நெனச்சேன். வாசலக் கூட்டி, தல சீவி, படியில சாமைய அளந்து மடியில வச்சினு வாசப்படியில குந்தினு இருந்தேன். குப்பம்மா வூட்ல மேளம் கேட்டுச்சி. அவ பேரச் சொல்லிக் கூப்புட்டான். அப்பறம் என் வாசலு. மேளத்த நிறுத்திட்டான். தலயத் தொங்கப் போட்டுனு என் முன்னால நடந்து போனான், அடுத்த வூடு கன்னியம்மா வூடு, அங்க போய்த் திரும்ப அடிச்சான்.

அப்பறமா கேட்டேன். உன்ன நாலு பேரு தூக்கினு போறத என்னால பாக்க முடியாதும்மான்னு அழுதான். நான் அழல. எனக்குக் கோவம். ஊரே தாண்டிப் போனப்ப வலிக்காதது, அவன் தாண்டிப் போனப்ப வலிச்சிது. மறு வாரமே அருணா மேடத்துக்கு போன் போட்டு என் பேரச் சேத்துக்கோங்கன்னேன். தூக்காம வர்றத நீ பாருடான்னு மனசுக்குள்ள சொல்லினு. இந்தப் பையில கீறது அன்னிக்கு அளந்த அதே படி.

நேத்து வூடு வூடா மேளம் அடிச்சிருப்பான், நான் வாசல்ல இல்ல. அதனால நீ முன்னால போயி அவங்கிட்ட சொல்லு. மாலைய ஆட்டுக்குப் போடச் சொல்லு. வீல்சேர வூட்லியே எறக்கிடு. மம்பட்டிய எடுத்துனு கோயில் மேட்டுக்குப் போயி, நான் வர்றதுக்குள்ள எத்தினி கல்லு பெரட்ட முடியுமோ பெரட்டட்டும். மீதிய நான் குந்தினபடியே கைய ஊனிப் பின்னால தேச்சினு ஏறிக்குவேன். ஏறினதுக்கப்பறம் மேளத்த எடுத்துனு என் முன்னால நிக்கட்டும். அம்மான்னு கூப்புட வேணாம். குப்பம்மாளக் கூப்புட்டான் பாரு, அதே மாதிரி, ஊரு அல்லாத்துக்கும் கேக்கற மாதிரி, செல்லி வூட்டுத் தலக்கட்டு, சாமைக்கு வாங்கன்னு கூப்புடணும்.

அவ்ளோதான். இப்போ அந்தக் கல்ல எடுத்து ஓரமாப் போடு.