தென்னையைப் பட்டினி போட்ட புல்

சத்தியமங்கலத்திலிருந்து கோவைக்கு வரும் பஸ். முன்சீட்டில் இரண்டு விவசாயிகள். ஜன்னலோரம் இருந்தவர் சீட்டுக்கடியில் வைத்திருந்த ஈரச் சாக்கிலிருந்து வடிந்த தண்ணீரெல்லாம் என் செருப்புக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, எனக்கு மேல இருக்கற மேட்டுத் தோட்டத்துக்காரன், என்ற தென்னையப் பட்டினி போட்டுப்போட்டானுங்க" என்றார் அவர்.

"தென்னையவா? எப்பிடிங்க?"

"வரப்பு நெடுக வெட்டிவேர்ப் புல்லு நட்டுப்போட்டானுங்க. ஆத்துல உரம் கலக்கக்கூடாதுன்னு, ஆத்துத்தண்ணி எடுக்கற மில்லுக்காரங்க நாத்து சும்மா குடுத்தாங்க. விவசாய ஆபீசருங்க வந்து நட்டுக் காட்டுனாங்க. இப்ப மழை பேஞ்சா உரத்தையெல்லாம் புல்லு புடிச்சுக்குது, வெறுந்தண்ணிதானுங்க என்ற தோட்டத்துக்கு வருது."

"நல்லதுதானுங்களே?"

"என்னத்த நல்லதுங்க? இத்தன வருசமா அவன் போட்ட யூரியால பாதி என்ற தென்னைக்குத்தானுங்க வந்துட்டிருந்துச்சு. நான் ஒரு மூட்டை வாங்குனதில்லீங்க."

"உரமே போடாம காய்க்குதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே!"

"சொன்னனுங்க. இப்ப நானே மூட்டை தூக்கறனுங்க."

"கெணத்துத் தண்ணி எப்பிடியிருக்குதுங்க?"

"அது இப்பத்தான் வாயில வெக்கற மாதிரி இருக்குது. அதைய உடுங்க."

புளியம்பட்டி வந்ததும் ஜன்னலோரத்தவர் எழுந்து சாக்கை இழுத்தார். அதன் வாயில் பச்சை நாற்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இதென்னுங்க, அதே வெட்டிவேரா?"

"பின்னென்னங்க? எனக்குக் கீழ என்ற மச்சான் தோட்டமுங்க. நான் வாங்கிப் போடற யூரியா அவனுக்கெதுக்குங்க போகோணும்?"