கிண்ணத்தில் பாதி மஞ்சள்

கஸ்தூரி மஞ்சளை மிக்ஸியில் அரைக்கக் கூடாது இன்ஸ்பெக்டர் மேடம். பால் விட்டுக் கல்லில் உரசினால்தான் முகத்தில் பிடிக்கும். எங்கள் வீட்டில் உரசுவது மூத்தவள் வேல்விழி, அதாவது நான். பூசிக்கொள்வது என் தங்கை ஸ்ரீவித்யா.

"ஏட்டி, தங்கச்சிக்கு மஞ்சள் உரசியாச்சா?" என்றுதான் அம்மாவுக்குப் பொழுது விடியும். எனக்கும் பூசினால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். "உனக்கு எதுக்குட்டி, வீணா?" என்றாள். கறுப்பில் மஞ்சள் எடுபடாது என்பது அவள் எண்ணம், போகட்டும். வித்யாதான் கிண்ணத்தில் பாதியை எனக்கென்று ஒதுக்கி வைப்பாள். அந்தப் பாதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தினமும் கழுவி ஊற்றிவிடுவேன்.

இந்தச் சாரல் சமயத்தில் சிவகிரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் காப்பி கொடுத்தேன். வித்யா முறுக்குத் தட்டோடு பின்னால் வந்தாள். கிளம்பும்போது பையனின் அம்மா, "தப்பா நெனைக்காதிய, பையன் சின்னவளைக் கேக்குதான்" என்றாள். அம்மா யோசிக்கக்கூட இல்லை. நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு, "நல்லா உரசிக் குடுட்டி, மொகம் பளிச்சுனு இருக்கணும்" என்று என்னிடமே சொன்னாள். நான் சத்தம் போடுகிறவள் இல்லை.

குற்றாலத்தில் வீரபாகு அண்ணாச்சியின் நாட்டு மருந்துக் கடையில் சேராங்கொட்டை வாங்கினேன். "வெறுங்கையால தொட்டுராத தாயி, தோலு வெந்துபோவும்" என்று எச்சரித்துத்தான் கொடுத்தார். மஞ்சள் அவர் கடையில் வாங்கியது என்பதற்காக அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். கொட்டையை வாங்கியது நான் என்று அவர் சொல்லியும், கூடப்பிறந்தவள் செய்வாளா என்று நீங்கள் கேட்டீர்களாம். எதற்குமே என்னை யாரும் நினைப்பதில்லை. அந்தக் கொட்டையின் பாலை மஞ்சளில் கலந்தது நான்தான். அன்றைக்கும் அவள் எனக்குப் பாதி ஒதுக்கினாள், நான் கொட்டினேன்.

முகமெல்லாம் கொப்புளித்து, இமை திறக்க முடியாமல் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் முதலில் கேட்டது, "அக்கா, நீ பூசலைல்லா?" என்பதுதான். அப்போதும் அவளுக்கு நல்லவளாகவே இருந்தாக வேண்டும்.

மற்றபடி அவள் மேல் எனக்குப் பகை கிடையாது. வீட்டுக்குக் கூட்டி வந்தபின் மருந்து போட்டுவிடுவது, சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான். வீட்டிலிருந்த கண்ணாடிகளை அம்மா ஒளித்துவிட்டாள். ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அவள் முகத்துக்கு நேரே பிடிக்கிறேன். அவளிடம் உண்மையாக நடந்துகொள்ள அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.